ஓடிபி சொல்லி ஏமாந்தால் வழக்கு நிற்குமா?

"பேங்க்ல இருந்து பேசுறோம், கேஒய்சி முடியுது, இன்னைக்கே அப்டேட் பண்ணலைன்னா அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்." பதறிப்போய் ஆதார் எண், பிறந்த தேதி, ஓடிபி வரை சொல்லிவிட்டவர்களில் பலர் அப்புறம் வாயே திறப்பதில்லை. 'நானாகத்தானே சொன்னேன், கேஸ் எப்படி நிற்கும்?' என்ற கூச்சம்தான். ஆனால் நிற்கும். ஒருவரை நம்பவைத்து அவர் கையாலேயே கொடுக்க வைப்பதைத்தான் சட்டம் மோசடி என்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாள விவரத்தையோ ஏமாற்றும் நோக்கத்தோடு பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பணம் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போன், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்குமே 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். ஆனால் இரண்டிலும் ஜாமீன் உண்டு, அதனால் இவை மட்டும் போதாது. ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), அதாவது ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ கொடுக்க வைக்கும் குற்றம், சேர்ந்தால் தண்டனை 7 ஆண்டு வரை போகும். புகாரில் பணமோ பொருளோ பறிபோனதைத் தெளிவாக எழுதுவது இதற்காகத்தான். போலீஸ், சிபிஐ என்று வேடம் போட்டால் அதே சட்டத்தின் 204ஆம் பிரிவும் வரும். கும்பலாக இதையே தொழிலாக நடத்துபவர்கள் மீது அதன் 111ஆம் பிரிவு பாய்ந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாகச் சொல்லி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பவர்களும் இதில் மாட்டுவார்கள். போன் செய்தவன் எங்கோ இருப்பான். வங்கிப் பதிவில் இருப்பது இவர்களுடைய முகவரி. ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, ஏமாந்தவர் என்ன செய்வது? முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், கூடவே வங்கிக்கும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். அது நிற்கும் கணக்கை முடக்குவதற்குத்தான் இந்த அவசரம். முடக்கிய பணம் திரும்பக் கிடைக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். காவல் நிலையத்தில் 'எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது; குற்ற விசாரணை நடைமுறைக்கான சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

வங்கிக்குச் சொன்ன நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் எண்ணையும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லிவிட்ட சந்தர்ப்பத்தில் புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் தலையில் விழும். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு மணி நேர நஷ்டமும் நம்முடையதுதான்.

உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண்ணை அங்கேயே தெரிவித்துவிடலாம். கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையில் தெரியும். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறைத் திருத்தச் சொல்லி 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.