ஒட்டுப் போர்வையில் ஒவ்வொரு தையல் முனைக்கும் கெட்டி போட வேண்டுமா?

ஹட்டனில் நான் நடத்தும் வகுப்புக்கு ஒட்டுப் போர்வை தைக்கப் பழக வருகிறவர்களில் பலர், கட்டுநாயக்கப் பக்கம் கார்மென்ட்டில் சில வருஷம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். மெஷினில் உட்கார்ந்தால் கோடு பிசகாமல் ஓட்டுவார்கள். அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. விடச் சொல்ல வேண்டிய பழக்கம்தான் ஒன்று உண்டு: தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ரிவர்ஸ் லீவரை அழுத்தி, இரண்டு மூன்று தையல் பின்னுக்கு ஓட்டிக் கெட்டி போடுவது.

சல்வாருக்கு அது கட்டாயம் வேண்டும். பக்கத் தையல் வெட்டில் வந்து நிற்கிறது. உட்கார்ந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த முனைதான் இழுபடும். போர்வைக்குள்ளே இருக்கும் தையல் அப்படி எங்கேயும் தனியாக வந்து நிற்பதில்லை.

“பீலியில கல்லுல அடிச்சுத் துவைக்கிற போர்வை டீச்சர், கெட்டி போடாட்டி பிரிஞ்சிறாதா?” என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். நியாயமான பயம். மழைக்காலத்தில் ஈரம் குடித்த பருத்திப் போர்வை கல்லுப்போல கனக்கும். அதைக் கொடியில் போட்டால் தன் பாரத்திலேயே தையலை இழுக்கும்.

மாவு மூட்டையின் வாயைப் பிரித்துப் பாருங்கள். நூலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் கழன்றுவிடும். அது ஒற்றை நூல் சங்கிலித் தையல். வீட்டு மெஷின் போடுவது வேறு. மேல் நூலும் பொபின் நூலும் ஒவ்வொரு துளையிலும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்கின்றன. ஒரு முனையை வெட்டினால் ஓரத்தில் ஓரிரு தையல் தளரும், அவ்வளவுதான். அந்த முனைக்குக் கால் அங்குலம் உள்ளே இன்னொரு தையல் குறுக்கே ஓடிவிட்டால், தளர்ச்சி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வராது. குறுக்குத் தையல்தான் அங்கே கெட்டி.

ஒன்பது சதுரக் கட்டத்தை வைத்து எண்ணிக் காட்டுகிறேன். மூன்றரை அங்குலத்தில் வெட்டிய 9 துண்டுகளை இணைக்க 8 தையல், அதாவது 16 முனை. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால் துண்டு மூன்று அங்குலமாகவும், கட்டம் ஒன்பது அங்குலமாகவும் நிற்கும். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 7 என்று 42 கட்டம் சேர்த்தால் 54க்கு 63 அங்குலப் போர்வை வரும். கட்டங்களை இணைக்கும் தையலையும் கூட்டினால் மொத்தம் 754 முனைகள். அவற்றில் இன்னொரு தையல் கடக்காமல் வெளி ஓரத்தில் நிற்பவை 74 மட்டும். மற்ற 680க்கும் கெட்டி போட்டால் நூலும் நேரமும் போவது மட்டுமல்ல, வேலையே கெடும்.

எப்படிக் கெடும் என்பதைப் போன வருஷம் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு தங்கச்சியின் துணியில் பார்த்தேன். நிறத் தெரிவு அவ்வளவு அழகு. ஆனால் நான்கு துண்டு சந்திக்கும் மூலை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பழைய மெஷின் பின்னுக்குப் போகும்போது துணியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த ஓரிரு நூல் விலகல் ஒவ்வொரு மூலையிலும் சேர்ந்துவிட்டது. அதோடு, அடுத்தடுத்த வரிசைகளின் தையல் விளிம்பை, அதாவது தையலுக்கும் துணி ஓரத்துக்கும் இடையில் நிற்கும் பகுதியை, எதிரெதிர்த் திசையில் அயன் பண்ணினால் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துகொள்ளும். கெட்டி போட்ட இடம் தடித்து நிற்பதால் அந்த அமர்வு வரவில்லை. திருத்தலாம் என்று பிரிக்க உட்கார்ந்தோம். சாதாரணத் தையல் ஒரு நிமிஷத்தில் பிரிந்தது. கெட்டி போட்ட முனைகளில் துணியே கிழிந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீளப் பட்டிகளைத் தைத்துவிட்டுப் பிறகு குறுக்கே துண்டு போடும் முறையில் முனைக்குக் கெட்டி போடவே வழியில்லை. வெட்டும் இடமெல்லாம் புது முனை. அப்படியும் போர்வை நிற்கிறது என்றால் காரணம் தையலின் நீளம். இரண்டரை மில்லிமீட்டரில் இருக்கும் மெஷினை இரண்டுக்குக் குறையுங்கள். பழைய மெஷினில் அங்குலத்துக்கு 12 தையல் என்று வையுங்கள். கால் அங்குல விளிம்பை ஓரிடத்திலும் ஒடுக்காதீர்கள். என்னிடம் பிரிந்து வந்த போர்வைகளில் நான் அதிகம் கண்டது ஒடுங்கிய விளிம்பைத்தான். கார்மென்ட் வெட்டுத்துணியில் வழுக்கும் பொலியெஸ்டரும் தளர்ந்த நெசவும் கலந்து வரும். அவற்றுக்கு விளிம்பைக் கொஞ்சம் கூட்டி, முழுப் போர்வைக்கும் அந்த ஒரே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டி போட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அறுகோணத் துண்டுகள், எட்டு முனை நட்சத்திரம் போன்றவற்றில் மூன்று துண்டு ஒரு புள்ளியில் சந்திக்கும். அங்கே தையல் துணியின் ஓரம்வரை போகக் கூடாது, கால் அங்குலம் முன்னதாகவே நிற்க வேண்டும். குறுக்கே கடக்க எதுவும் இல்லாததால் அந்தப் புள்ளியில் கெட்டி போடாமல் விடவே கூடாது. கையால் தைப்பவர்களுக்கும் இதே கதைதான். ஓட்டத் தையலுக்கு ஒரே நூல். முனை நழுவினால் முழுதும் நழுவும். இரு முனையிலும் ஒன்றிரண்டு பின் தையல் போடுங்கள்.

பிறகு அந்த 74 முனைகள். ஒருமுறை துண்டுகளை எல்லாம் இணைத்து மேல்துணியை முடித்து, ஓரத்தைக் கவனிக்காமல், மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். அங்கே பஞ்சின் மேல் விரித்தபோது பத்துப் பதினைந்து இடத்தில் ஓரம் வாய் பிளந்திருந்தது. வாங்க வந்தவர் முன்னால் கையால் தைத்து மூட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மேல்துணி முடிந்த உடனே, ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே சுற்றி ஒரு தையல் ஓட்டிவிடுவேன். 74 முனையும் அதில் அடங்கிவிடும். பிறகு ஓரப்பட்டி அதை மறைத்துவிடும்.

ரிவர்ஸ் இல்லாத மிதி மெஷின் எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் இன்னும் ஓடுகிறது. கெட்டி வேண்டிய இடத்தில் கடைசி அரை அங்குலத்துக்குத் தையலை மிகச் சிறிதாக்கி ஓட்டினாலே போதும். தொடக்கத்தில் மெஷின் துணியை உள்ளே இழுத்துத் தின்றால், முதலில் ஒரு சிறு கழிவுத் துண்டில் தைத்து, ஊசியை எடுக்காமல் அப்படியே போர்வைத் துண்டுக்கு வாருங்கள். முடிவிலும் இன்னொரு கழிவுத் துண்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். நூலை வெட்டினால் முனை சுத்தமாக இருக்கும்.