இருபதும் இருபதும் சேர்ந்தால் முப்பத்தாறு

கடந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் ஊரில் எங்கள் பயிற்சி வகுப்பில் வங்கித் தேர்வுக்கான மாதிரித் தேர்வை நடத்திவிட்டு விடைத்தாள்களைத் திருத்தினேன். கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் தரவுப் போதுமைப் பகுதியின் ஒரு கணக்கில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே தவறான விடையைக் குறித்திருந்ததைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பல ஆண்டுகளாகப் பலகையில் எழுதிக் காட்டியும் போகாத தவறு அது. வகுப்பில் சொன்னது போதவில்லை என்பதால் இப்போது எழுதியே வைக்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரு பொருளின் விலை அடுத்தடுத்து இரண்டு முறை, அந்தந்த நேரத்து விலையில் குறிப்பிட்ட சதவீதம் குறைக்கப்பட்டது. மொத்தத்தில் விலை எத்தனை சதவீதம் குறைந்தது? முதல் கூற்று, இரண்டு சதவீதங்களின் கூடுதல் 40 என்கிறது. இரண்டாம் கூற்று, அவற்றின் வேறுபாடு 10 என்கிறது. முதல் கூற்று மட்டுமே போதும் என்பதுதான் பெரும்பாலோரின் விடை. தங்கச்சிமடத்திலிருந்து பேருந்தில் பாம்பன் பாலம் கடந்து வரும் ஒரு மாணவி, தாளின் ஓரத்தில் பென்சிலால் 20 + 20 = 40 என்று எழுதி, நாற்பதைச் சுற்றி இரண்டு வட்டமும் போட்டிருந்தார்.

அவருடைய தாயார் சந்தையில் மீன் விற்பவர். மாணவியை அழைத்து, “காலையில் கிலோ 500 ரூபாய்க்கு விற்ற விளைமீனை மதியம் அம்மா இருபது சதவீதம் குறைக்கிறார், மாலையில் அந்த விலையிலிருந்து இன்னும் இருபது சதவீதம் குறைக்கிறார், மாலை விலை என்னம்மா?” என்று கேட்டேன். “மதியம் நானூறு சார். நானூறில் இருபது சதவீதம் எண்பது, மாலையில் முந்நூற்று இருபது” என்று தாளும் பென்சிலும் இல்லாமல் உடனே சொன்னார். ஐந்நூறில் நூற்று எண்பது குறைந்தால் அது 36 சதவீதம். “அப்படியானால் தாளில் ஏன் நாற்பது?” என்று கேட்டதற்கு, “கூற்றில் கூடுதல் என்று இருந்ததால் அதுவே விடை என்று நினைத்துவிட்டேன் சார்” என்றார். சந்தையில் பிழையில்லாமல் வரும் கணக்கு தேர்வுத் தாளில் மறந்துபோவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இரண்டாவது சதவீதம் முதல் விலையின் மீது விழுவதில்லை. ஏற்கெனவே குறைந்துவிட்ட விலையின் மீதுதான் விழுகிறது. அடிப்படைத் தொகை சுருங்கியபின் அதே இருபது சதவீதம் முன்பைவிடக் குறைவான ரூபாயைத்தான் எடுக்கும். ஆகவே இரண்டு சதவீதங்களையும் கூட்டி வருவது மொத்தக் குறைவு ஆகாது. அந்தக் கூடுதலிலிருந்து, இரண்டின் பெருக்கற்பலனை நூறால் வகுத்து வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். கூடுதல் 40 என்று மட்டும் சொன்னால் 20, 20 ஆக இருக்கலாம், மொத்தக் குறைவு 36. 30, 10 ஆக இருக்கலாம், அப்போது 37. 35, 5 ஆக இருக்கலாம், அப்போது 38.25. ஒரே கூற்று மூன்று விடைகளுக்கு இடம் கொடுத்தால் அது போதுமான கூற்று அன்று. வேறுபாடு 10 என்பதையும் சேர்த்தால் சதவீதங்கள் 25, 15 என்று உறுதியாகி, மொத்தக் குறைவு 36.25 என்று ஒரே விடை கிடைக்கிறது. எது முதலில் குறைக்கப்பட்டது என்று தெரியவில்லையே என்று சிலர் இங்கே மீண்டும் தயங்குகிறார்கள். 0.75 ஐ 0.85 ஆல் பெருக்கினாலும் 0.85 ஐ 0.75 ஆல் பெருக்கினாலும் ஒன்றுதான், வரிசை தேவையில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரு படகு இயந்திரத்தின் மதிப்பு எத்தனையாவது ஆண்டின் முடிவில் வாங்கிய விலையின் பாதிக்கும் கீழே இறங்கும் என்பது கேள்வி. ஆண்டுத் தொடக்க மதிப்பில் ஆண்டுதோறும் 20 சதவீதம் குறைகிறது என்பது முதல் கூற்று. வாங்கிய விலை 1,50,000 ரூபாய் என்பது இரண்டாம் கூற்று. விலை தெரியாமல் எப்படிச் சொல்வது என்று இரண்டையும் சேர்த்துக் குறித்துவிடுகிறார்கள். நூறு என்று வைத்துக்கொண்டால் 80, 64, 51.2, 40.96 என்று இறங்கி நான்காம் ஆண்டில் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறதே! கேட்டது விகிதம், ரூபாய் அங்கே வேண்டியதே இல்லை. முதல் கூற்று மட்டும் போதும். வணிகவியல் படித்துவிட்டு வருபவர்கள் பள்ளியில் கற்ற குறைந்து செல் மதிப்பு முறையையும் (அந்தந்த ஆண்டுத் தொடக்க மதிப்பில் கழிப்பது) நேர்க்கோட்டு முறையையும் (வாங்கிய விலையில் கழிப்பது) நினைவில் கொள்ள வேண்டும். “வாங்கிய விலையில் 20 சதவீதம்” என்று கூற்று மாறியிருந்தால் மதிப்பு 80, 60, 40 என்று இறங்கி, விடை மூன்றாம் ஆண்டாகிவிடும். அந்த ஒரு சொல்லை வாசிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

ரூபாயைக் கேட்கும் கணக்கில் சில சமயம் ஒரே கூற்று எல்லாவற்றையும் கொடுத்துவிடும். ஆண்டுதோறும் ஒரே சதவீதம் குறையும் மதிப்பு, முதல் ஆண்டில் 10,000 ரூபாயும் இரண்டாம் ஆண்டில் 8,000 ரூபாயும் குறைந்தது என்றால், இரண்டு குறைவுகளின் விகிதமே 0.8, சதவீதம் 20, தொடக்க மதிப்பு 50,000. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 18,000 குறைந்தது என்று மட்டும் சொல்லியிருந்தால் எதுவும் கிடைக்காது.

தேர்வு அறையில் இரண்டு கூற்றுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் கூற்றில் படித்த எண்ணை இரண்டாம் கூற்றுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரே விடைதான் வரும் என்று உறுதியானதும் பெருக்கிக் கொண்டிருக்காமல் அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள். அங்கே கேட்பது விடையை அன்று, விடை கிடைக்குமா என்பதைத்தான். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில் பாதி வாசித்துவிட்டுக் குறிக்க வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 50,000 ரூபாய் இரண்டு ஆண்டுகளில் ஒரே சதவீதத்தில் குறைந்து 32,000 ஆனது, அந்தச் சதவீதம் என்ன என்று கேட்டால், விகிதம் 0.64. வர்க்கமூலம் கூட்டலிலும் கழித்தலிலும் வருமே, அதனால் விடை இரண்டாகிறதே என்று போதாது எனக் குறித்துவிடாதீர்கள். கழித்தல் 0.8 என்றால் விலை 180 சதவீதம் குறைந்ததாக ஆகும். நூறு சதவீதத்துக்கு மேல் எந்த விலையும் குறைய முடியாது. 20 சதவீதம் மட்டுமே நிற்கும், தரவு போதும்.