போலின்: இராத்தங்கச் சொன்ன நாடு

எபிரேய மொழியில் போலந்தின் பெயர் ‘போலின்’. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் அது ‘போய்ல்ன்’. சொற்பிறப்பு அறிஞர்களைக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஸ்லாவிய மொழிகளில் ‘போலே’ என்றால் வயல். வயல்வெளியில் வாழ்ந்த குடியினர் போலானியர். அவர்களுடைய நாடு போல்ஸ்கா. ஜெர்மானியர் அதைப் போலென் என்றார்கள். ஜெர்மன் நிலத்திலிருந்து கிழக்கே நகர்ந்த யூதர்கள் அந்த ஒலியைத் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் எபிரேயம் அறிந்தவர் காதில் இந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்து கேட்கும். ‘போ’ என்றால் இங்கே. ‘லின்’ என்றால் இரவு தங்கு. நாட்டின் பெயரே ஓர் ஏவல் வாக்கியமாகிவிடுகிறது. இதை ஒட்டி ஒரு தலபுராணமும் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் கொலைக்கும் துரத்தலுக்கும் தப்பி வந்தவர்கள் ஒரு காட்டில் களைத்து நிற்கிறார்கள். வானிலிருந்து ஒரு சீட்டு விழுகிறது. அதில் ‘போலின்’ என்று எழுதியிருக்கிறது. பறவைகள் அப்படிக் கூவின என்று சொல்வோரும் உண்டு. லூப்லின் அருகே ஒரு காட்டின் மரங்களில் யூதச் சமயச் சட்ட நூலான தால்முதின் பகுதிகளின் பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன என்பது இன்னொரு வடிவம். அங்கே நமக்கு முன்பே நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று காட்டுவதுதான் அந்த மரங்களின் வேலை.

இந்த ‘லின்’ பெரும்பாலும் தவறாகவே மொழிபெயர்க்கப்படுகிறது. ‘இளைப்பாறு’ என்கிறார்கள், ‘குடியிரு’ என்கிறார்கள். இரண்டும் அந்தச் சொல்லுக்கு இல்லாத நிம்மதியைக் கொடுத்துவிடுகின்றன. லின் என்பது வழிப்போக்கனுக்குச் சொல்வது. விடிந்தால் கிளம்ப வேண்டும். இன்றைய எபிரேயத்தில் ஹோட்டலைக் குறிக்கும் ‘மலோன்’ இதே வேரில் முளைத்ததுதான். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல்லைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தமிழ் விவிலியம் நெடுங்காலமாகவே ‘இராத்தங்கு’ என்ற வினையை இந்த இடங்களில் பயன்படுத்தி வருகிறது. லோத்து தன் வாசலுக்கு வந்த இருவரை அழைக்கும்போதும் அந்தச் சொல்தான்.

நியாயாதிபதிகள் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இரண்டு சொற்களும் இடம் மாறி ‘லின் போ’ என்று சேர்ந்தே வருகின்றன. பெத்லகேமில் ஒரு பெண்ணின் தகப்பன், அவளை அழைத்துப்போக வந்த அவள் கணவனான லேவியனிடம் (லேவி குலத்தவன்) பொழுது சாய்ந்துவிட்டது, இங்கே இராத்தங்கு என்று கெஞ்சுகிறான். லேவியன் கேட்கவில்லை. அன்றிரவு வேறோர் ஊரில் தங்குகிறார்கள். ஊரார் அந்த வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். காலையில் அந்தப் பெண் வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள். எபிரேயம் படித்த யூதருக்கு இந்தப் பகுதி தெரியாமல் இருந்திருக்காது. ‘போ லின்’ என்ற சிலேடையை ரசித்தவர்கள் அதன் பின்பக்கத்தையும் அறிந்தே ரசித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகூ நகரில் வாழ்ந்த ரப்பி (யூத மதகுரு) மோசே இசர்லெஸ் ஒரு கடிதத்தில், ஜெர்மன் நாட்டைப் போல இங்கே நம்மீது மூர்க்கமான வெறுப்பு இல்லை, காய்ந்த ரொட்டியானாலும் அமைதியோடு உண்பதே மேல் என்ற கருத்தை எழுதினார். மெசியா வரும்வரை இப்படியே நீடிக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டார். நாட்டைப் பாராட்டுகிறார், ஆனால் மூட்டையை அவிழ்க்கவில்லை. அந்த அமைதிக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1264இல் இளவரசர் பொலெஸ்வாவ் காலிஷ் நகரில் வழங்கிய சாசனத்தை, மன்னர் கசிமீர் 1334இல் உறுதிசெய்து பிறகு விரிவாக்கினார். அதில் ஒரு விதி: இரவில் ஆபத்தில் சிக்கிய யூதர் கூக்குரலிட்டால், உதவிக்கு வராத கிறிஸ்தவ அண்டைவீட்டார் ஒவ்வொருவரும் முப்பது ஷில்லிங் அபராதம் கட்ட வேண்டும். அண்டைவீட்டார் தாமாக ஓடி வருவார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருந்தால் அபராதம் எதற்கு?

போலந்தை ‘யூதர்களின் சொர்க்கம்’ என்று சொல்லும் இலத்தீன் தொடரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று இதைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தபோது அது வசை. நாடு பிரபுக்களுக்கும் யூதர்களுக்கும் சொர்க்கம், குடியானவனுக்கு நரகம் என்பதுதான் அதன் சாரம். போலந்துக்காரர் யூதரைப் பார்த்த பார்வையின் கரு இதற்குள் இருக்கிறது: வந்தவன் வசதியாக இருக்கிறான், அதுவும் நம் செலவில்.

இந்தப் பார்வை ஊன்றியது சாராயக் கடையில். பண்ணையாருக்கு மதுவின் ஏகபோகம் இருந்தது. கடையை, ஆலையை, சில இடங்களில் பண்ணையையே யூதருக்குக் குத்தகைக்கு விட்டார். இராத்தங்க வந்தவர்கள் பிறருக்கு இராத்தங்க இடம் கொடுக்கும் சத்திரக்காரர்களாக ஆனார்கள். குத்தகைப் பணம் பண்ணையாருக்குப் போனது. குடியானவனின் கோபம் கடைக்காரரோடு நின்றுவிட்டது. 1648இல் உக்ரைன் பகுதியில் கொசாக் தலைவர் க்மெல்னித்ஸ்கி தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது, பண்ணையாருக்கு விழுந்த வெட்டு அவருடைய குத்தகைக்காரர்மீதும் விழுந்தது.

யூதர் தரப்புப் பார்வையும் மென்மையானதல்ல. இத்திஷில் பண்ணையாருக்குப் ‘போரித்ஸ்’ என்று பெயர்; கிறுக்குத்தனமும் ஆணவமும் கொண்ட ஆள் என்ற தொனி அதில் உண்டு. குடியானவன் அவர்கள் பாட்டுகளில் குடிகாரன். இருவரும் ஒரே இடத்தில் சந்தித்ததற்கு ‘மாயோஃபிஸ்’ என்ற சொல் சாட்சி. அது ஓய்வுநாள் விருந்து மேசையில் யூதர்கள் பாடும் பாட்டு. விருந்தாளிகள் முன்னால் குத்தகைக்காரரை அழைத்து, அந்தப் பாட்டைப் பாடி ஆடச் சொல்வது சில பண்ணையார்களுக்குப் பொழுதுபோக்கு. போலிஷ் மொழியில் ‘மாயூஃபெஸ்’ என்பது யூதரை ஆடவைக்கும் கேளிக்கைக்குப் பெயராயிற்று. இத்திஷிலோ ‘மாயோஃபிஸ் யூதன்’ என்றால் பெரிய மனிதர்முன் குழைபவன். ஒரே பாட்டு, ஒரு பக்கத்தில் வேடிக்கை, மறுபக்கத்தில் வெட்கம். ‘கஷ்டம் வந்தால் யூதனிடம் போ’ என்று ஒரு போலிஷ் பழமொழி தொடங்கும். கஷ்டம் தீர்ந்ததும் யூதனே விலகிப் போ என்று அது முடியும்.

நல்ல யூதர் என்ற பிம்பமும் இருந்தது. கவிஞர் மித்ஸ்கியேவிச் 1834இல் வெளியிட்ட ‘பான் ததேயுஷ்’ காவியத்தில் யாங்கியெல் என்ற சத்திரக்காரர் சந்தூர் போன்ற தந்திக்கருவியில் போலந்தின் வரலாற்றையே வாசித்துக் காட்டுவார். ஏட்டில் மட்டுமல்ல. ரஷ்யாவுக்கு எதிரான 1794 எழுச்சியில் பெரெக் யோசெலெவிச் யூதக் குதிரைப்படை ஒன்றைத் திரட்டினார். 1861 ஏப்ரலில், ரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்த வார்சாவில் ரஷ்யப் படை ஊர்வலத்தின்மீது சுட்டபோது, சிலுவை ஏந்தி வந்தவர் விழுந்தார். அந்தச் சிலுவையைக் கையில் எடுத்த யூத மாணவர் மிகாவ் லாண்டியும் சுடப்பட்டு இறந்தார். போலந்துக்காரர்கள் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் கவனித்தால், யாங்கியெலும் லாண்டியும் பாராட்டப்படுவது விருந்தாளி வீட்டுக்காரரின் துயரத்தைத் தன் துயரமாக எடுத்துக்கொண்டதற்காக.

வீட்டுக்காரர் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். போலிஷில் ‘கொஸ்போதாஷ்’ என்றால் பண்ணை உடையவர், விருந்தளிப்பவர், வாடகைக்கு விடுபவர் எல்லாம். ‘கோஷ்ச்’ என்றால் விருந்தாளி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேசியவாத அரசியல் இந்த இரண்டு சொற்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1912இல் வார்சா தொகுதியில் யூத வாக்காளர்கள் தேசியவாதிகளின் வேட்பாளரை ஆதரிக்க மறுத்தபோது, ரோமன் த்மோவ்ஸ்கியின் கட்சி யூதக் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. ‘நம்மவன் நம்மவனிடமே போவான்’ என்ற ரீதியில் அதன் முழக்கம். இன்னொரு வாசகமும் சுற்றிவந்தது: ‘தெருக்கள் உங்களுடையவை, கட்டடங்கள் எங்களுடையவை’. யூதர்கள் இப்படிக் கொக்கரிப்பதாகச் சொல்லி யூத எதிர்ப்பாளர்கள் பரப்பியது இது. குடித்தனக்காரன் வீட்டுக்காரனாகிவிட்டான் என்ற பீதி ஒரே வரியில். 1931 கணக்கெடுப்பில் யூதர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல், மக்கள்தொகையில் பத்தில் ஒருவர். தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் பிறந்து இறந்தவர்களை விருந்தாளி என்று அழைத்தால் அது உபசாரம் அல்ல. 1937இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்குத் தனி பெஞ்சு ஒதுக்கப்பட்டது. அதில் உட்கார மறுத்துப் பலர் நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள்.

ஜெர்மன் ஆக்கிரமிப்பு வந்த பிறகு இராத்தங்க இடம் கொடுப்பதே மரணதண்டனைக்குரிய குற்றம் ஆயிற்று. யூதருக்கு மறைவிடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று 1941 அக்டோபரில் ஆணை வந்தது. இங்கேதான் ‘லின்’ என்ற வேர் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது. போலிஷில் ‘மெலினா’ என்ற சொல் உண்டு. திருடர் பாஷையிலிருந்து வந்தது. பதுங்கிடம் என்று பொருள். எபிரேய ‘மெலூனா’, அதாவது இராத்தங்கும் குடிசை, இத்திஷ் வழியாக வந்து இப்படி ஆனது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். போர்க்காலத்தில் யூதர்கள் ஒளிந்த அலமாரிப் பின்புறங்களும் நிலவறைகளும் மெலினாக்கள் எனப்பட்டன. வில்னா நகரின் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், அதையே ‘மலினே’ என்றார்கள். போர் முடிந்து, திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கும் வீட்டுக்கு அந்தப் பெயர் இறங்கியது.

மெலினாவுக்குள் ஒளித்துவைத்தவர்களும் இருந்தார்கள், காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். யூதர்களைக் காத்தவர்கள் என்று இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனம் அங்கீகரித்தவர்களில் போலந்துக்காரர்களே அதிகம், ஏழாயிரத்துக்கும் மேல். ஒளிந்திருப்பவர்களை மிரட்டிப் பணம் பறித்தவனுக்கு ‘ஷ்மால்ட்சோவ்னிக்’ என்று பெயர். பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1941 ஜூலை 10 அன்று யெத்வாப்னெ ஊரில் யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தவர்கள் அதே ஊர்க்காரர்கள். 340 பேராவது இறந்தார்கள் என்று போலந்து அரசு நிறுவனமே விசாரித்துச் சொன்னது. 1946 ஜூலை 4 அன்று கியெல்ட்சேயில், தப்பிப் பிழைத்து வந்து தங்கியிருந்தவர்களின் கட்டடம் தாக்கப்பட்டது. 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு சிறுவனை யூதர்கள் நிலவறையில் அடைத்துவைத்தார்கள் என்ற பேச்சுதான் தொடக்கம். அந்தக் கட்டடத்தில் நிலவறையே கிடையாது.

இதன்பின் யூதர் மனத்தில் போலந்தின் படம் உறைந்துவிட்டது. இன்றைய பெலாரூசில் உள்ள ஓர் ஊரில் பிறந்து, வார்சாவில் படித்த இஸ்ரேலியப் பிரதமர் இட்ஸாக் ஷமீர், போலந்துக்காரர்கள் யூத வெறுப்பைத் தாய்ப்பாலோடு குடிக்கிறார்கள் என்று 1989இல் சொன்னார். ஒரு தேசத்தின் எல்லாத் தாய்மாரையும் பற்றிய பேச்சு அது; அநியாயமானது. போலந்துக்காரர்கள் அதைக் கேட்டுக் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால் 1968இல் அவர்களுடைய அரசு செய்ததையும் அருகில் வைக்க வேண்டும். யூதர்களை ஐந்தாம் படை, அதாவது உள்ளிருந்தே எதிரிக்கு உதவுபவர்கள் என்று கட்சித் தலைவர் கோமுல்கா சாடிய பிறகு, எஞ்சியிருந்தவர்களில் பதின்மூவாயிரம் பேராவது வெளியேறினார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பயண ஆவணம், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்லர் என்று மட்டும் சொன்னது. எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்லவில்லை.

இன்று வார்சாவில், பழைய கெட்டோ இருந்த இடத்தில், போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகம் நிற்கிறது. பெயர்: போலின். வெளிச்சுவர்க் கண்ணாடிகளில் எபிரேய எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் அதே சொல்தான் அச்சாகியிருக்கிறது. உள்ளே போனால் முதலில் அந்தப் புராணக் காடு. அங்கிருந்து தள்ளி, பல போலந்து வீடுகளின் நடையில் வேறொரு படம் மாட்டியிருக்கும்: தாடிவைத்த யூதர் ஒருவர் காசு எண்ணுகிறார். வீட்டில் பணம் தங்குவதற்காம். ஓய்வுநாளில் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அவர் சேர்த்த காசு கொட்டும் என்று நம்பிக்கை. இந்தப் படத்தை வாங்குபவர்களில் பலர் ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குச் சில குறிப்புகள். நாட்டைச் சொல்லும்போது போலந்து போதும். புராணக் கதையைச் சொல்லும்போது ‘போ லின்: இங்கே இராத்தங்கு’ என்று எழுதினால் சொல்லின் இரு பக்கமும் கிடைக்கும். ‘கோஷ்ச்’ என்ற சொல் அரசியல் பேச்சில் வரும்போது அதை ‘வந்தேறி’ என்று மாற்றும் பழக்கம் வேண்டாம். அந்தச் சொல்லில் வசை வெளிப்படையாக இருக்கிறது. போலிஷ் அரசியல்வாதி விருந்தாளி என்ற இனிப்பைத் தடவித்தான் அதைச் சொன்னார், அந்த இனிப்பு மொழிபெயர்ப்பிலும் தெரிய வேண்டும். ‘கொஸ்போதாஷ்’ என்பதற்கு ‘உரிமையாளர்’ என்பதைவிட ‘வீட்டுக்காரர்’ நெருக்கம். மக்களைக் குறிக்கப் ‘போலியர்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஆள்மாறாட்டக்காரர் நினைவுதான் வரும். போலந்துக்காரர் என்றே எழுதலாம்.