சாச்சுரேஷன்: நாடாவுக்கு ஒலி தெவிட்டும்போது

"குரலுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் போடு" என்று ஒலிக்கலவை செய்பவர்கள் சொல்வார்கள். ஏதோ ஒன்றைச் சேர்க்கச் சொல்வது போல இருக்கும். ஆனால் இந்தச் சொல் குறிப்பது, ஒரு பொருள் "இதற்கு மேல் வேண்டாம்" என்று கைவிரிக்கும் நிலையை.

வேர் லத்தீன். சாத்துர் என்றால் வயிறு நிறைந்தவர். போதும் என்று பொருள்படும் சாத்திஸ் அதன் உறவுச்சொல். திருப்தியைக் குறிக்கும் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் அங்கிருந்துதான் வந்தது. இன்று சோகத்தைக் குறிக்கும் 'சேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே பழைய வேரில் பிறந்தது. அதற்கும் முதலில் நிறைந்தவர் என்றுதான் பொருள்.

சரி, ஒலியில் வயிறு எங்கே வந்தது? ஒலியைப் பதியும் காந்த நாடாவில் இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒலி மின்னோட்டமாக வரும்; அது வலுக்க வலுக்க அவை கூடுதலாகக் காந்தமாகும். எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிட்ட பிறகு, மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் நாடா ஏற்காது. அலையின் முகடு மழுங்கும். மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். நாடா முகட்டையும் பள்ளத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் மழுக்குவதால் 3, 5 மடங்கு அதிர்வெண்கள் மேலோங்கும். பழைய ஒலிபெருக்கிகளில் இருக்கும் ட்ரயோடு வால்வு (வெற்றிடக் குழாய்) ஒரு பக்கத்தைக் கூடுதலாக மழுக்கும், அதனால் 2 மடங்கும் வரும். 2 மடங்கு என்பது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. 3 மடங்கு, அந்த ஸ்தாயியின் பஞ்சமம். பழுதாகப் பிறந்தது காதுக்கு இதமாகப் படுவதில் வியப்பென்ன?

கம்ப்ரஷனையும் இதையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் உண்டு. கம்ப்ரஷன், ஒலி மிஞ்சும்போது ஒரு கை வந்து ஒலியளவைக் குறைப்பது போன்றது. கை நகரவும் திரும்பவும் நேரம் பிடிக்கும். சாச்சுரேஷன் அலையை அந்தந்தக் கணத்திலேயே வளைக்கிறது. (கணினிக் கோப்புகளைச் சிறிதாக்கும் கம்ப்ரஷனுக்குச் சுருக்கம், ஒலிக்கு அமுக்கம் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.) நாடாவுக்கு மட்டும் கொஞ்சம் ஞாபகமும் உண்டு: முன்பு எந்தப் பக்கம் காந்தமாகியிருந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த அசைவு. பாடநூல்கள் இதைக் காந்தத் தயக்கம் என்கின்றன. எவ்வளவு அழகான பெயர்!

இதே விளைவைக் கணினியில் தரும் செருகுநிரலை (ப்ளகின்) எழுதுபவரின் சிக்கல் வேறு. கணினிக்குள் ஒலி வெறும் எண், எண்ணுக்கோ வயிறே இல்லை. அதனால் உள்ளீடு கூடக்கூடத் தட்டையாகிப்போகும் ஒரு வளைகோட்டின் வழியாக எண்ணை அனுப்புகிறார்கள். ஹைபர்பாலிக் டேன்ஜென்ட் என்ற கணிதச் சார்பு இதற்குப் பெயர்போனது. அப்புறம்தான் தலைவலி. ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கினால் (ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி) 22,050 ஹெர்ட்சுக்கு மேல் எதுவும் தங்காது. 10,000 ஹெர்ட்சின் 3 மடங்கான 30,000 அந்தச் சுவரில் மோதி, மடங்கி, 14,100 ஆகத் திரும்பும். மூல சுரத்தோடு ஒட்டாத அபசுரம் அது. இதைத் தவிர்க்கவே, மாதிரி எண்ணிக்கையை முதலில் பல மடங்காக்கி, வளைத்து, மிஞ்சிய உயர் அதிர்வெண்களை வடிகட்டிவிட்டுப் பழைய அளவுக்கு இறக்குகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? செறிவு என்று சிலர் எழுதுகிறார்கள். வண்ணங்களுக்கு அது பொருந்தும். வேதியியலிலோ செறிவு என்பது கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற அளவு. பூரிதம் பொருளில் சரி, ஆனால் பழைய பாடநூல் வாசனை. நிறைவு எனக்குப் பிடிக்கும், மனநிறைவும் அதில் இருக்கிறது. ஆனால் "நாடா நிறைவடைந்தது" என்றால் நாடா ஓடி முடிந்தது என்றல்லவா புரியும்?

தெவிட்டல் இந்தத் தொல்லைகளுக்குத் தப்புகிறது. தெவிட்டிய கரைசல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பேச்சில் திகட்டல் என்போம். "தெவிட்டாத இசை" என்று பாராட்டும் மொழியில், ஒலியை மெருகேற்றும் கருவிக்குத் தெவிட்டல் என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள் என்கிறார் ஒரு நண்பர். இதற்கு வேற்றுமை உருபு கைகொடுக்கிறது. இனிப்பு தெவிட்டுகிறது, தின்பவருக்குத் தெவிட்டுகிறது. அதே போல, நாடாவுக்கு ஒலி தெவிட்டுகிறது. கேட்பவருக்கு அல்ல.