"மறிச்சிக்கோடா" என்று கத்தும் பெற்றோருக்கு

ஓசூர்ப் பக்கம் அண்மையில் நடந்த ரோலர் ஸ்கேட்டிங் போட்டியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். வளைவில் அவனை வெளிப்பக்கம் தள்ளியவன் அவனைவிடச் சின்னவன். கூப்பிட்டு விசாரித்தால், "எங்க கிளப் அண்ணன் ஃபர்ஸ்ட் வரணும், பின்னால வர்றவனை நீ மறிச்சிக்கோன்னு சொன்னாங்க" என்று என்னிடம் அழுகிறான். யார் சொன்னது என்று கேட்டேன். ரிங்க் (ஸ்கேட்டிங் தளம்) ஓரத்தில் நின்ற பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பயிற்சியாளராகவும் சில நேரம் நடுவராகவும் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து ரிங்க்குகளில் நிற்கிறவன் நான். இந்தச் சீசனில் இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். பெற்றோரைக் கேட்டால் உடனே போனை நீட்டுகிறார்கள். பனித்தளத்தில் நடக்கும் ஷார்ட் டிராக் பந்தயத்தின் அரை நிமிட வீடியோ. "ஒலிம்பிக்ஸ்லயே ஒரே நாட்டுக்காரங்க ரெண்டு பேர் சேர்ந்து மத்தவங்களை விடாம ஓடறாங்களே மாஸ்டர்!"

ஓடுகிறார்கள், சரி. எப்படி ஓடுகிறார்கள் என்று பார்த்தீர்களா?

ஷார்ட் டிராக்கில் ஒரு சுற்று 111.12 மீட்டர். 60க்கு 30 மீட்டர் தளத்துக்குள் அடங்குவதால் வளைவுகள் ரொம்பக் குறுகல். வெளிப்பக்கமாகச் சுற்றி முந்துகிறவருக்குத் தூரமும் கூடும், மூச்சும் வாங்கும். ஒரே நாட்டு வீரர்கள் இருவர் முதல் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னவர் உள்கோட்டை ஒட்டியே நல்ல வேகத்தில் இழுத்தால், மூன்றாவது ஆளுக்குச் சுற்றிப் போகத் தெம்பு மிஞ்சாது. பின்னவர் முன்னவரின் முதுகு மறைவில் காற்று தடுக்காமல் ஓடி, கால் தெம்பை மிச்சம் பிடிப்பார். கொஞ்சம் கழித்து இடம் மாற்றிக்கொள்வார்கள். 1500 மீட்டர் என்றால் பதின்மூன்றரை சுற்று, இதற்கெல்லாம் நேரம் உண்டு. 500 மீட்டர் நாலரை சுற்றுதான், யோசிப்பதற்குள் முடிந்துவிடும். முதல் இருவர் அடுத்த கட்டத்துக்குப் போகிற சுற்றாக இருந்தால், இருவரும் தங்களுக்குள் வம்பு வளர்க்காமல் அப்படியே வந்து சேர்வார்கள். கூட்டாளி உத்தி என்பது இவ்வளவுதான். இதில் எங்கேயாவது கை, தோள், முழங்கை வருகிறதா?

எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாத விஷயம் ஒன்று இருக்கிறது. தனிநபர் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தனி ஆள். சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் விதிப்படி உடலால் உதவி கொடுப்பதும் தப்பு, அதை வாங்கிக்கொள்வதும் தப்பு. அணியாக மாறி மாறி ஓடும் ரிலேயில் சக வீரரைத் தள்ளிவிடுவதற்கு மட்டும்தான் விலக்கு. வேண்டுமென்றே மறிப்பது, தள்ளுவது, குறுக்கே பாதை மாறுவது, தேவையில்லாமல் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வருகிறவரைத் தடுமாற வைப்பது, எல்லாமே தண்டனைக்குரியவை. இன்னொன்றும் கேளுங்கள்: தடுக்கப்பட்டவரை அடுத்த சுற்றுக்கு ஏற்றிவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் மறிக்கச் சொன்ன ஆள் மேலே போவார், மறித்த உங்கள் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். நம் ரோலர் போட்டியிலும் மறித்தால் எச்சரிக்கை, மிஞ்சினால் தகுதி நீக்கம். தன் கோட்டை விடாமல் ஓடுவது ஆட்டம். அடுத்தவன் கோட்டில் போய் விழுவது அடாவடி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் நான் என்ன செய்ய!

தன் அணிக்காரனே தன் அணிக்காரனைக் கவிழ்ப்பதும் உண்டு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 1500 மீட்டர் இறுதி. கடைசி வளைவு வரை முதல் மூன்று இடமும் தென்கொரியாவிடம். உள்பக்கமாக முந்தப் பார்த்த லீ ஹோ-சுக், சக வீரர் சுங் சி-பேக்குடன் மோதி இருவரும் விழுந்தார்கள். லீ ஜங்-சு தங்கம் வாங்கினார். வெள்ளியும் வெண்கலமும் அமெரிக்காவின் அபோலோ ஓனோவுக்கும் ஜே.ஆர். செல்ஸ்கிக்கும் போயின. உலகத்தரப் பயிற்சி, சுவரைச் சுற்றி மெத்தை, வெட்டுத் தாங்கும் உடை எல்லாம் இருக்கிறவர்களுக்கே இந்தக் கதி. நம் பிள்ளைகள் விழுவது சிமென்ட் தரையில். ஓரத்தில் இரும்புக் கம்பி வேறு.

சேர்ந்து ஓடக் கற்றுக்கொடுக்கத்தான் ஆசை என்றால் ரிலே சொல்லிக்கொடுங்கள். ஷார்ட் டிராக் ரிலேயில் அணிக்கு நான்கு பேர். பெண்களுக்கு 3000 மீட்டர், ஆண்களுக்கு 5000. முறை வராதவர்கள் உள்பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, சரியான நேரத்தில் பாதைக்குள் வந்து குனிந்து, பின்னால் வருகிறவர் தள்ளும் வேகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கடைசி இரண்டு சுற்றை ஒருவரே முடிக்க வேண்டும். ரோலரில் நமக்கே உதாரணம் இருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேயில் இந்திய ஆண்கள், பெண்கள் இரு அணிக்கும் வெண்கலம். ஆண்கள் அணியில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். அதே பந்தயத்தில் கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கிக் கொண்டாடிய தென்கொரிய வீரர், 0.01 விநாடியில் சீன தைபேயிடம் (தைவான்) தங்கத்தை விட்டார். பிள்ளைகளுக்கு வீடியோ காட்டியே தீர வேண்டும் என்றால் அதைக் காட்டுங்கள்.

பயிற்சியாளர் நண்பர்களே, எந்தப் பிள்ளைக்கும் "மறிக்கிற ஆள்" என்று வேலை கொடுக்காதீர்கள். அதுவும் ஃபீஸ் கட்டித்தான் வருகிறது. பெற்றோர்கள் வளைவு ஓரத்தில் நிற்க வேண்டாம், அங்கிருந்து கத்தவும் வேண்டாம். ஹெல்மெட் வார், மணிக்கட்டுக் கவசம் இரண்டையும் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் இழுத்துப் பாருங்கள்.

உள்ளங்கையை ஊன்றி விழுந்த பிள்ளைக்கு எண்ணெய் தடவி நீவிவிடாதீர்கள் அக்கா, தயவுசெய்து. எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். கட்டைவிரல் அடியில் வலி இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி நிற்காவிட்டால் மறுபடி கூட்டிப் போங்கள். கட்டுப் பிரித்த மறுநாளே "ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ல போட்டி இருக்கு மாஸ்டர்" என்று வந்து நிற்காதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லட்டும், அப்புறம் ஷூ மாட்டலாம்.