மடக்குக் கத்தியைப் பாலிஷ் போடும் முன் அதன் எண்ணைப் படியுங்கள்

அப்பா வைத்திருந்த மடக்குக் கத்தி ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு அலகு, பழுப்பு நிற எலும்புப் பிடி. அலகுகள் கண்ணாடி மாதிரி மின்னின. "உங்களிடம் காட்டுவதற்காக நேற்று உட்கார்ந்து சுத்தம் செய்தேன்" என்றார். பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார். துரு போய்விட்டது. கூடவே அலகின் அடியில் இருந்த எழுத்துகளும் ஏறக்குறைய போய்விட்டன. எந்த வருஷத்துக் கத்தி, என்ன மாடல் என்று அவர் கேட்டார். அதற்கான பதில் எழுதியிருந்த இடத்தைத்தான் தேய்த்திருந்தார்.

பழைய மடக்குக் கத்திகளைச் சீர்செய்வதும் மதிப்பிட்டுச் சொல்வதும் என் தொழில். மேலே சொன்ன மாதிரி நடக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. கொண்டுவருபவர் அக்கறையோடு செய்ததுதான் கத்தியைக் கெடுத்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கத்தியைத் திறந்து பாருங்கள். கூர் முடிந்து, அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் சின்னதாகத் தட்டையான ஒரு பகுதி இருக்கும். அதை டாங் என்பார்கள். செய்தவர் பெயர், நாடு, மாடல் எண், சில கத்திகளில் செய்த ஆண்டுக்கான குறி என்று எல்லாமே அந்த நகக்கண் அளவு இடத்தில்தான் அடித்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் கத்தியைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி. மீதிப் பாதி, அந்த எண் சொல்வதும் கையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் கோட்டை விடுகிறார்கள்.

படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல பாடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகள். 6254 என்று ஓர் எண் இருக்கிறது என்று வையுங்கள். இதை ஆறாயிரத்து இருநூற்று ஐம்பத்து நான்கு என்று படிக்கக் கூடாது. முதல் 6, பிடி எலும்பு என்கிறது. அடுத்த 2, அலகுகளின் எண்ணிக்கை. கடைசி 54, டிராப்பர் என்கிற வடிவம். இதே கத்தி மான்கொம்புப் பிடியோடு வந்தால் 5254. மஞ்சள் நிறச் செயற்கைப் பிடியோடு வந்தால் 3254. அப்போது 6318 என்றால்? எலும்புப் பிடி, மூன்று அலகு, 18 என்கிற ஸ்டாக்மேன் வடிவம். 6220 என்றால் எலும்பு, இரண்டு அலகு, பீனட் என்று செல்லமாக அழைக்கப்படும் குட்டிக் கத்தி. எண்ணுக்குப் பின்னால் எஸ்எஸ் என்று இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. சிவி என்று இருந்தால் குரோம் வனேடியம் எஃகு. அதை ஈரத்தோடு விட்டால் கறுத்துப்போகும்.

ஒருமுறை ஒருவர் மான்கொம்புப் பிடி போட்ட டிராப்பர் ஒன்றை, நல்ல விலை கொடுத்து வாங்கிய சந்தோஷத்தோடு காட்டினார். கொம்பு அசல்தான். டாங்கில் 6254 என்று இருந்தது. ஆறு என்றால் எலும்பு. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கத்திக்கு எலும்புப் பிடிதான் இருந்திருக்க வேண்டும். பிறகு யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஆணித்தலைகள் புதிதாக அடித்தவை என்பதும், பூணுக்கும் கொம்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருப்பதும் தெரிந்தன. அன்றாட உபயோகத்துக்கு அது நல்ல கத்திதான். சேகரிப்பவருக்கு, கொடுத்த விலைக்கு உரிய கத்தி இல்லை. வாங்கும் முன் ஓர் இலக்கத்தைப் படித்திருந்தால் போதும்.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எலும்பு கிடைக்காமல், கரடுமுரடான கறுப்புச் செயற்கைப் பிடி போட்டுக் கேஸ் கத்திகள் வந்தன. அவற்றிலும் 6 என்றே அடித்தார்கள். எண்ணும் பிடியும் ஒத்துப்போகவில்லை என்றதும் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது கேள்வி கேட்க வேண்டிய இடம், அவ்வளவுதான்.

கேஸ் கத்தியில் ஆண்டைக் கண்டுபிடிப்பது இன்னும் சுவாரசியம். 1920 முதல் 1940 வரை டெஸ்டட் எக்ஸ்எக்ஸ் என்ற முத்திரை. அப்புறம் 1964 வரை எக்ஸ்எக்ஸ் மட்டும். 1965 முதல் 1969 வரை அதோடு யுஎஸ்ஏ சேர்ந்தது. 1970இல் எழுத்துகளுக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்து, 1979இல் ஒன்று மட்டும் மிஞ்சியது. 1980இல் மறுபடியும் பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அப்படியானால் ஐந்து புள்ளி இருக்கும் கத்தி 1975ஆ, 1985ஆ? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விடை, கேஸ் என்ற பெயரில் வரும் எஸ் எழுத்தின் வளைவில் இருக்கிறது. 1980களின் முத்திரையில் எஸ் மின்னல் கீற்று மாதிரி முறிந்து முறிந்து இருக்கும். பத்து வருஷ வித்தியாசத்தை ஓர் எழுத்தின் கோணம் சொல்கிறது. பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது இந்தப் புள்ளிகளைத்தான்.

எல்லா நிறுவனங்களும் இதே வரிசையில் எழுதுவதில்லை. பழைய ரெமிங்டன் மடக்குக் கத்திகளில் பிடியின் செய்தி எண்ணின் கடைசி இலக்கத்தில் இருக்கும். 3 என்றால் எலும்பு, 6 என்றால் மான்கொம்பு, 8 என்றால் கொகோபோலோ மரம். ஆர்1123, ஆர்1128 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு நிறுவனத்தின் விதியை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரெமிங்டனில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1920களில் வந்த ஆர்1123, 1982இல் அதே எண்ணோடு மறுபடியும் வெளியானது. எண் ஒன்றேதான், வயதில் அறுபது வருஷ வித்தியாசம். மறுவெளியீட்டைப் பழசு என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலரிடம் விற்றவருக்கே அது தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் எண்கள். 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸ்பார்ட்டன் 1.3603. டிங்கர் 1.4603. நடுவில் மாறியிருப்பது ஒரே இலக்கம். முதலாவதன் முதுகில் கார்க் திருகி, இரண்டாவதில் அதே இடத்தில் நட்சத்திர முனைத் திருப்புளி. 3 என்றால் திருகி, 4 என்றால் திருப்புளி. அடுத்து கிளைம்பர் 1.3703. 6 இருந்த இடத்தில் 7 வந்ததும் கத்தரிக்கோல் சேர்ந்துவிட்டது. கேம்ப்பர் 1.3613. 0 இருந்த இடத்தில் 1 வந்ததும் மர ரம்பம். இனி 1.3713 என்ன என்று நீங்களே சொல்லிவிடலாம்: திருகி, கத்தரிக்கோல், ரம்பம் மூன்றும் உள்ள ஹன்ட்ஸ்மேன். 1.4713 என்றால் திருகிக்குப் பதில் திருப்புளி உள்ள ஃபீல்டுமாஸ்டர். எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்து 3 இருந்தால் கறுப்புப் பிடி, 2 இருந்தால் நீலம், 7 இருந்தால் வெள்ளை. இந்த வகைக் கத்தியைப் பெட்டியோடு விற்பவர்கள் நிறைய. பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுக் கத்தியைத் திறந்து கருவிகளை எண்ணுங்கள். பெட்டி ஒன்று, கத்தி வேறொன்று என்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயம்.

சரி, எண்ணை விட்டுப் பெயருக்கு வருவோம். டிராப்பர், ஸ்டாக்மேன், பார்லோ, கனூ இவையெல்லாம் நிறுவனப் பெயர்கள் இல்லை. வடிவத்தின் பெயர்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். கால்நடை வளர்ப்பவருக்கான ஸ்டாக்மேனில் மூன்று அலகுகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. வளைந்த கூர் முனை உள்ளது பொது வேலைக்கு. முனை மழுங்கி நேராக இருப்பது, குத்திவிடாமல் விலங்கின் அருகே வேலை செய்ய. ஸ்பே எனப்படும் மூன்றாவது அலகு காயடிப்பதற்கு. ஸ்டாக்மேன் என்ற பெயர் ஒரு காலத்துத் தொழிலைச் சொல்கிறது, கத்தியைச் செய்தவரைச் சொல்வதில்லை. "அசல் பார்லோ" என்று மட்டும் யாராவது சொன்னால், யார் செய்த பார்லோ என்று கேளுங்கள்.

பிரான்ஸின் லகியோல் இதற்குப் பெரிய உதாரணம். அவேரோன் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. முதுகில் தேனீ வடிவம் வைத்த மெல்லிய அழகான கத்தி. அந்த ஊரிலும் செய்கிறார்கள், தியேர் நகரிலும் செய்கிறார்கள், பிரான்ஸுக்கு வெளியே மலிவாகச் செய்ததிலும் அதே சொல் அடித்திருக்கிறது. தேனீயைப் பார்த்து மயங்காமல், எந்தப் பட்டறை என்ற முத்திரையைத் தேடுங்கள்.

பெயர் அப்படியே இருக்க, செய்யும் இடம் மாறிப்போவதும் உண்டு. ஷ்ரேட் கத்திகளில் 8ஓடி என்பது புகழ்பெற்ற எண். ஓடி என்பது ஓல்டு டைமர். நியூயார்க் மாநிலத்து எல்லன்வில்லில் இருந்த தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது. பெயரை வேறொருவர் வாங்கி, சீனாவில் செய்ய ஆரம்பித்தார். எண் அதேதான். டாங்கில் யுஎஸ்ஏ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நாட்டின் பெயர் பொதுவாகவே நல்ல சாட்சி. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம், அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ஜெர்மனி என்று அடித்த, அந்நாட்டின் சோலிங்கன் நகரத்துக் கத்தியை 1870களின் கத்தி என்று ஒருவர் விற்றால், நிதானமாக யோசியுங்கள்.

புதிய கத்திகளின் குறியீடு பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சி81ஜிபி2 என்பதைப் பிரித்தால், சி81 வடிவம், ஜி என்பது ஜி10 என்ற கண்ணாடியிழைப் பிடி, பி என்பது பல் இல்லாத ஓரம், 2 என்பது இரண்டாம் பதிப்பு. பி இருக்கும் இடத்தில் எஸ் இருந்தால் பல் வைத்த ஓரம். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் கத்திகளில் எண்ணுக்குப் பின் பிகே வந்தால் கறுப்புப் பூச்சு.

ஆனால் எல்லா எண்ணும் குறியீடு இல்லை. பிரெஞ்சு நிறுவனமான ஓபினெலின் எட்டாம் எண் கத்தி அளவைத்தான் சொல்கிறது, அலகு 8.5 சென்டிமீட்டர். கிறிஸ் ரீவ் என்ற கத்தி தயாரிப்பாளரின் செபென்சா 21இல் உள்ள 21, அந்தக் கத்திக்கு வயது இருபத்தொன்று ஆனதைக் கொண்டாடுகிறது. செபென்சா என்றால் ஜூலு மொழியில் வேலை. அலகில் தனியாக 1095 என்று இருந்தால் அது மாடலே இல்லை, எஃகின் பெயர்: 10 என்பது கலப்பில்லாத கார்பன் எஃகு, 95 என்பது ஏறத்தாழ 0.95 சதவீதம் கார்பன். இதை மாடல் எண் என்று நினைத்துத் தேடி அலைந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

வீட்டில் பழைய கத்தி கிடைத்தால், மென்மையான துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு டாங்கைத் துடையுங்கள். உப்புத்தாள், கம்பித்தேய்ப்பான், சக்கரம் எதுவும் வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்துகூட நிழலாக எழும்பும். எல்லா அலகுகளின் டாங்கையும், இரண்டு பக்கமும், படம் எடுத்து வையுங்கள். முன் அலகில் ஒரு பெயர், பின் அலகில் வேறு பெயர் என்றால் இரண்டு கத்திகளைச் சேர்த்து ஒன்று செய்திருக்கலாம். பிறகு பிடியை, அலகுகளை, எஃகை, எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

முதலில் சொன்னவரின் கத்தியையும் அப்படித்தான் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, ஒரு மூலையில் எஸ் எழுத்தின் முறிந்த கோணம் மட்டும் தெரிந்தது. 1980களின் கேஸ் கத்தி. அவர் அந்தப் பத்து ஆண்டுகளையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்போது நாலு வயதா, பதினாலு வயதா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்" என்றார். புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.