பூட் ஆகாத கணினியிலிருந்து பிட்லாக்கர் தரவை மீட்பது எப்படி?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. சரிசெய்யும் வழி எளிதுதான்: அத்தியாவசிய மென்பொருள்களோடு மட்டும் கணினி எழும் சேஃப் மோடுக்குள் நுழைந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பல அலுவலகக் கணினிகளின் டிரைவ், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தது. அந்த ஒரு கோப்பைத் தொடுவதற்கே, கணினிக்குக் கணினி வேறுபடும் 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. எண்ணைத் தேடி எடுப்பதிலும் பிழையில்லாமல் தட்டச்சு செய்வதிலும் நேரம் போனது.

தினமும் கேட்காத எண்ணை அன்று மட்டும் ஏன் கேட்டது? பிட்லாக்கரில் சாவிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கோப்புகளை என்க்ரிப்ட் செய்வது ஒரு சாவி. அதை இன்னொரு முதன்மைச் சாவியால் என்க்ரிப்ட் செய்து, டிரைவிலேயே மெட்டாடேட்டா என்ற சிறு பகுதியில் வைத்திருக்கிறார்கள். அந்த முதன்மைச் சாவியைத் திறக்கப் பல வழிகள் உண்டு. வழக்கமான வழி, மதர்போர்டில் இருந்து சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப். கணினி எழும்போது ஒவ்வொரு கட்டத்தின் அளவீடும் அந்தச் சிப்பில் பதிவாகும். எல்லாம் பழையபடி இருந்தால் சிப் சாவியைத் தரும், நமக்கு எதுவும் தெரியாது. அன்று போல சேஃப் மோடு மாதிரியான வேறு வழியில் கணினி எழுந்தாலோ, நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டின் அமைப்பு மாறினாலோ, மதர்போர்டே போய்விட்டாலோ, டிரைவைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது மிஞ்சுவது மீட்பு எண்.

அந்த எண்ணின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 6 இலக்கம் கொண்ட 8 தொகுதிகள், ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 123453 வகுபடும், சரி. கடைசி இலக்கத்தைத் தவறுதலாக 8 என்று அடித்தால் வகுபடாது. ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் இப்படித்தான் சிக்கிவிடும். அதனால்தான் எந்தத் தொகுதியில் பிழை என்று கணினியால் உடனே சொல்ல முடிகிறது. 11-ஆல் வகுத்து வரும் ஈவு 16 பிட்டுக்குள் அடங்கும். எட்டுத் தொகுதியும் சேர்ந்தால் 128 பிட், அதாவது 39 இலக்க எண்ணிக்கையில் சாத்தியங்கள். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முயற்சியையும் சரிபார்க்க 10,48,576 முறை ஹாஷ் என்ற, பின்னோக்கிப் போக முடியாத கணக்கைப் போட வேண்டும். ஊகித்துக் கண்டுபிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு எண் இல்லாமலே திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணைத் தேட வேண்டிய இடங்கள் சில. சொந்தக் கணினி என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையதளப் பக்கம், அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவின் டைரக்டரி, அல்லது முன்பு அச்சடித்து வைத்த தாள். திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எது நம் எண் என்று தெரியும்.

எண் கையில் இருந்து, டிரைவும் நல்ல நிலையில் இருந்தால் வேலை சுலபம். டிரைவைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டினால் அது எண்ணைக் கேட்கும், கொடுத்தால் திறந்துவிடும். லினக்ஸிலும் டிஸ்லாக்கர் என்ற இலவசக் கருவி இதைச் செய்யும்.

டிரைவே பழுதாகியிருந்தால்தான் நிதானம் வேண்டும். "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபார்மட் செய்தால் மெட்டாடேட்டாவும் போய்விடலாம். முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிரைவை அப்படியே முழுசாகப் பிரதி எடுத்துவிட்டு, அப்புறம் பிரதியில் வேலை பார்ப்பதே பாதுகாப்பு. செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு முறை ஓடும்போதும் இன்னும் கொஞ்சம் கெடக்கூடும். மெட்டாடேட்டாவை பிட்லாக்கர் டிரைவில் மூன்று இடங்களில் வைக்கிறது. அதில் ஒன்று பிழைத்திருந்தாலும் விண்டோஸோடு வரும் ரிப்பேர்-பிடிஇ கட்டளை, படிக்க முடிந்தவற்றை வேறொரு டிரைவுக்கு என்க்ரிப்ஷன் நீக்கி எழுதித் தரும். எழுதப்படும் டிரைவில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி டிரைவையே கொடுங்கள். மூன்று பிரதியும் போய்விட்டால் 48 இலக்கங்கள் கையில் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அவை திறக்க வேண்டிய சாவியே அங்கே இல்லை. முன்கூட்டியே தனியாகச் சேமித்த சாவிப் பொதி (அந்த என்க்ரிப்ட் செய்த சாவியின் பிரதி) இருந்தால் மட்டும் தப்பலாம்.

ஆப்பிள் சிலிக்கான் மேக் கணினிகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே சாவிகளை உருவாக்கிக் காப்பது பிராசஸருக்குள் இருக்கும் செக்யூர் என்கிளேவ் என்ற பகுதி. தரவைச் சேமிக்கும் சிப்பைத் தனியே கழற்றி எடுத்தாலும் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் முதலில் அந்த போர்டை உயிர்ப்பித்தாக வேண்டும்.